ஒரு மணிக்குத் திறக்கிற டப்பா

ஜூன் 8, 2025. வந்த கேள்வி:

"நவி மும்பை கன்சோலியில் மூன்று பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஊர் மதுரைப் பக்கம். ஆபீஸ் மகாபேயில். மத்தியானம் கேன்டீனில் தட்டுக்கு 110 ரூபாய். இரண்டு வாரம் நானே சமைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சோறு கட்டியாகிவிடுகிறது, பொரியல் நாறுகிறது, காசும் பெரிதாக மிச்சமாகவில்லை. மும்பையில் வேலைக்குப் போகிறவன் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது வீண் வேலை என்பது என் முடிவு. யாராவது மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்."

ஜூன் 9, இரவு 10.40

மறுக்கிறேன். பதினோரு வருஷமாகச் செம்பூரிலிருந்து மஸ்ஜித் பந்தருக்கு ஹார்பர் லைன் ரயிலில் டப்பாவோடு போய் வருகிறவன் நான். வீட்டுக்காரி நர்ஸ். அவளுக்குக் காலை ஷிஃப்ட் வந்த வருஷம் அடுப்படி என் கைக்கு வந்தது. தினமும் மூன்று டப்பா. அவளுடையது 6.20க்குள் தயாராக வேண்டும். காலேஜ் போகும் மகளுடையதும் என்னுடையதும் 7.30க்குள்.

தம்பி, உங்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. காலை 7 மணிக்கு வாணலியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டப்பாவைத் திறக்கப்போவது 1 மணிக்கு. நடுவில் ஆறு மணி நேரம், ரயில் நெரிசல், ஜூன் மாதப் புழுக்கம். இத்தனையும் தாண்டி அந்தச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

என்ன அரிசி? பொரியலில் தேங்காய் போடுகிறீர்களா? ஆறவைத்து மூடுகிறீர்களா, சூடாகவா? மூன்றையும் எழுதுங்கள். அதுவரைக்கும் ஒன்று: கொதிக்கக் கொதிக்க அடைத்து உடனே மூடிவிடுங்கள். சூடு உள்ளே இருக்கும்வரை கெடாது.

ஜூன் 10, காலை 8.05

நேற்று எழுதியதன் கடைசி இரண்டு வரியைப் பின்பற்ற வேண்டாம். வீட்டுக்காரி படித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்திலும் வாசலில் நின்று திட்டினாள். ராத்திரி விவரமாக எழுதுகிறேன். ரயில் ரீ ரோடு ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது.

ஜூன் 10, இரவு 11.15

அவள் சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெந்த பிறகும் உறங்கிக்கொண்டு கிடக்கும். சோறு வெதுவெதுப்புக்கு வந்ததும் எழுந்து பெருகும். 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருந்தால் பெருகாது, 5 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தாலும் அதன் ஆட்டம் அடங்கிவிடும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. சாதாரண எவர்சில்வர் டப்பாவில் கொதிக்கும் சோற்றை அடைத்தால் கொஞ்ச நேரத்திலேயே அந்த நடுச்சூட்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் மத்தியானம் வரை அங்கேயே நிற்கும், டப்பா மூடியிருப்பதால் சீக்கிரம் ஆறவும் ஆறாது. நான் கெடாது என்று நினைத்த முறை கிருமிக்குப் போர்வை போர்த்திவிட்ட மாதிரி.

இன்னொன்று எனக்கே புதிது. அது கக்கும் விஷங்களில் வாந்தியை உண்டாக்குவது, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மைக்ரோவேவில் சுடச்சுடப் பண்ணிவிட்டோம், இனி ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை சோற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே பத்துப் பதினைந்து நிமிஷம். ஆவி போனதும் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஆபீசில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போன உடனே உள்ளே வையுங்கள், மதியம் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் வெறும் சோறும் பருப்பும் வேண்டாம், புளிப்புள்ள சாதமாகக் கட்டுங்கள். முதல் நாள் இரவுச் சோற்றில் காலையில் எலுமிச்சம் சாதம் கிளறுவதாக இருந்தால், அந்தச் சோறு ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். மேடையில் விடிய விடியக் கிடந்த சோற்றை டப்பாவில் வைக்கவே கூடாது.

சூடாகத்தான் வேண்டும் என்றால் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய நல்ல ஃபிளாஸ்க் டப்பா வாங்க வேண்டும். அது வேறு கணக்கு.

ஜூன் 12

பதில் எழுதியிருக்கிறீர்கள்: பாஸ்மதி உடைசல், தேங்காய் உண்டு, சூடாக மூடுகிறேன். மூன்றும் தப்பு.

பாஸ்மதி சூட்டில் பூப்போல இருக்கும், ஆறினால் விறைக்கும். உடைசல் என்றால் சேர்ந்து கட்டியாகவும் ஆகும். நான் புழுங்கல் பொன்னி வைக்கிறேன், மாட்டுங்காவில் கிடைக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் உள்ளூர்க் கோலம் அரிசி வாங்கலாம், இங்கே எல்லா மளிகைக் கடையிலும் இருக்கும். கேட்டு வாங்குங்கள், பழைய அரிசியா புது அரிசியா என்று. புது அரிசி எத்தனை பதமாக வடித்தாலும் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வடித்த கையோடு அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் புரட்டினால் மதியம் உதிர்ந்து வரும்.

தேங்காய்தான் இந்த ஊர் மழைக்காலத்தில் முதலில் ஊசிப்போவது. பச்சைத் தேங்காய் தூவிய பீன்ஸ் பொரியல் காலை 7க்கு அமிர்தம், 1 மணிக்கு நூல்விடும். தேங்காய் இல்லாமல் முடியாது என்றால் வாணலியில் சிவக்க வறுத்துப் போடுங்கள். இல்லையென்றால் வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள். மராட்டிக்காரர்கள் எதிலும் கடலைப்பொடி போடுவதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒப்பவில்லை. இப்போது கோவைக்காய்ப் பொரியலுக்கு அது இல்லாமல் முடியாது. இங்கே கோவைக்காயைத் தோண்ட்லி என்பார்கள், வருஷம் முழுக்கக் கிடைக்கும், ஆறினாலும் தளராது. டப்பாவுக்கென்றே பிறந்த காய்.

வெண்டைக்காய் கட்டினால் மூடாமல் வதக்குங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள், ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர் தெளியுங்கள். கொழகொழப்பு அடங்கும். சுரைக்காய், பூசணிக்காய் எல்லாம் தண்ணீர் விடும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14, சனி

காசு விஷயம். இன்று கட்டியதை எடைபோட்டுக் கணக்குப் பார்த்தேன், ஒரு ஆளுக்கு:

அரிசி 100 கிராம், கிலோ 65 என்றால் ஆறரை ரூபாய். கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராம், 5 ரூபாய். கோவைக்காய் 150 கிராம், 9 ரூபாய். எண்ணெய் 4. தயிர் 8. கடுகு, பருப்பு, வற்றல், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 3. கேஸ் 3 என்று வைப்போம். மொத்தம் முப்பத்தெட்டரை, 39 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேன்டீன் 110. ஒரு நாளைக்கு 71 ரூபாய், மாசம் 22 நாளைக்கு 1,562 ரூபாய் மிச்சம். இது வீண் வேலையா?

ஜூன் 15, ஞாயிறு

மகள் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது தராசுக் கணக்கு, வீட்டுக் கணக்கு இல்லை" என்றாள். அவள் படிப்பது காமர்ஸ்.

அவள் சொன்னது சரி. வாங்கிய கோவைக்காயில் பழுத்ததைக் கழித்தேன், அது கணக்கில் வரவில்லை. ஃப்ரிட்ஜில் வாடிய கொத்தமல்லிக் கட்டு வரவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வரவில்லை. எல்லாம் சேர்த்து 46 என்றாள். அப்போது மிச்சம் நாளுக்கு 64, மாசம் 1,408.

அதோடு விடவில்லை. "அவர் டப்பாவை முழுசாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். நாலு மணிக்குப் பசித்து வடா பாவ் வாங்கியிருப்பார்" என்றாள். தினமும் 20 ரூபாய் என்றால் மாசம் 440 போய்விட்டது. மிச்சம் 968 ஆகிறது. தம்பி, நீங்கள் மிச்சமே இல்லை என்றது இந்த ஓட்டையால்தான் என்று நினைக்கிறேன். உண்மையா? ருசியில்லாத டப்பா காசையும் மிச்சம் பிடிக்காது. இது எனக்கு இவ்வளவு நாள் தெளிவாகத் தெரியவில்லை, அவள் சொல்லித்தான் தெரிந்தது.

நான் இப்போது சுண்டலைச் சோற்றோடு வைப்பதில்லை. சின்ன டப்பியில் தனியாக வைக்கிறேன், நாலு மணிக்கு என்று.

ஜூன் 16

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வேறொருவர் எழுதியிருக்கிறார். சேர்க்கலாம். எனக்குக் காலையில் 50 நிமிஷம் ஆகிறது. ஆனால் அந்த நேரத்தை நான் யாருக்கும் விற்கப்போவதில்லை. அவள் ஷிஃப்டுக்குப் போனால் சில நாள் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது. நின்றபடி நாலு வாய் சாப்பிட்டாலும் அது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுந்திருக்கிறேன். அதற்கு ரூபாய் போட எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 19

தயிர்சாதம் கேட்டிருந்தீர்கள். இதை அவசரமாக எழுத மனசில்லை.

தயிரைப் போட்டுப் பிசைந்து கொண்டுபோனால் மதியத்துக்குள் புளித்து, தண்ணீர் தனியே பிரிந்து, சோறு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அது நாம் வீட்டில் தட்டில் போட்டுச் சாப்பிடும் தயிர்சாதம். பிரயாணத்துக்கு வேறு. என் அம்மா திருநெல்வேலிக்கு ரயில் ஏறும்போது கட்டிய முறையை எழுதுகிறேன்.

சோற்றை ஒரு மடங்கு தண்ணீர் கூட வைத்துக் குழைய வேகவிடுங்கள். சூடாக இருக்கும்போதே கரண்டியின் முதுகால் மசியுங்கள். பருக்கை பாதி உடைந்தால் போதும், களியாகக் கூடாது. இப்போது காய்ச்சி ஆறிய பால். 100 கிராம் அரிசிக்கு ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலேயே ஊற்றுங்கள். பார்க்கப் பாயசம் மாதிரி தளதளவென்று இருக்கும், இவ்வளவு நீர்த்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். சோறு அத்தனையையும் குடித்துவிடும். தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். விரலை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அப்புறம்தான் தயிர், ஒரே ஒரு ஸ்பூன். உப்பு. ரயிலில் போகும்போதே அந்தப் பால் உறைந்து தயிராகிக்கொண்டிருக்கும். 1 மணிக்குத் திறந்தால் அப்போதுதான் பிசைந்த மாதிரி, புளிப்பு ஏறாமல் இருக்கும்.

தாளிப்பில் இஞ்சியும் மோர்மிளகாயும் என் வழக்கம். மாதுளை முத்து போடலாம். வெள்ளரிக்காய் வேண்டாம், தண்ணீர் விடும். பச்சை வெங்காயம் வேண்டவே வேண்டாம்.

மே மாசத்தில் பால் கூட, தயிர் குறைய. ஜனவரியில் இரண்டு ஸ்பூன் தயிர், இல்லாவிட்டால் உறையாது, பால்சோறாகவே இருக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நாலு நாள் கட்டினால் கை சொல்லிவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. அப்பாவின் டப்பாவைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அலுமினியம், மூன்று அடுக்கு, உயரமான தூக்கு. மூடியில் சிவப்பு பெயின்டில் எழுத்தும் எண்ணும் இன்னும் லேசாகத் தெரிகின்றன.

நாங்கள் அப்போது தாராவியில் இருந்தோம். அப்பா பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். காலை 8க்கே கிளம்பிவிடுவார். வீட்டுச் சாப்பாட்டை வாங்கி ஆபீசில் சேர்க்கும் டப்பாவாலா வருவது ஒன்பதரைக்கு. வெள்ளைக் குல்லாய், வாசலில் நிற்காத கால். அம்மா ஒன்பதேகாலுக்குத்தான் சாம்பாரை இறக்குவார். டப்பா கைமாறிக் கைமாறி 12.30க்கு அப்பாவின் மேஜைக்குப் போய்விடும்.

மூடியில் இருக்கும் அந்தக் குறி, எந்த ஸ்டேஷனில் ஏறியது, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம். எழுத்துப் படிக்காதவரும் படிக்கக்கூடிய முகவரி. 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு ஆட்களோடு தொடங்கியது இந்த வேலை. பெரும்பாலும் புனே மாவட்டத்து மலையடிவாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1956இல் அறக்கட்டளையாகப் பதிவு செய்தார்கள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எத்தனையோ பேர் டப்பாவாலாக்கள் தப்பே விடமாட்டார்கள் என்று வியக்கிறார்கள். சரிதான். ஆனால் வீட்டுச் சமையலுக்கு அவர்கள் கொடுத்த பெரிய உதவி வேறு. அப்பா 8 மணிக்குப் போனாலும் சாப்பாடு ஒன்பதரைக்குப் போனது. சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே மூன்று மணி நேரம்தான். அதனால்தான் அம்மாவால் பச்சைத் தேங்காய் அரைத்த கூட்டு அனுப்ப முடிந்தது. நாம் 7க்கே மூடி நம் தோளிலேயே தூக்கிப் போகிறோம், அம்மாவின் சமையலை அப்படியே எடுத்துக்கொண்டு. அது எப்படித் தாங்கும்?

2020 மார்ச்சில் எல்லாம் நின்றபோது அவர்களில் எத்தனையோ பேர் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்தவரும்தான். இப்போது எங்கள் தெருவில் யாரும் டப்பா கொடுப்பதில்லை. வீட்டில் மதியச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குச் சமைக்க ஆள் இருப்பவர்கள், வழியும் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். அதைவிட நல்ல முறையை நான் அறியேன்.

ஜூன் 24

12ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். சுரைக்காய் வேண்டாம் என்றேன். துருவிப் பிழிந்து கோதுமை மாவில் பிசைந்து தேப்லாவாக, அதாவது குஜராத்திச் சப்பாத்தியாகத் தட்டினால் டப்பாவுக்கு அதைவிட நல்லது இல்லை. எங்கள் ஆபீசில் குஜராத்தின் கட்ச் பக்கத்துக்காரர் ஒருவர் கொண்டுவருகிறார், மூன்று நாள் ஆனாலும் மெதுவாகவே இருக்கும்.

எங்கள் மதிய மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு பேர். இரண்டு பேர் ஜைனர்கள், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் தொடமாட்டார்கள். அதனால் நான் ஒரு பொரியலாவது பூண்டு வெங்காயம் இல்லாமல் வைப்பேன். நாம் நீட்டும்போது எதிரே இருப்பவர் தயங்கக் கூடாது. ஒரு பிடி கூட வைத்தால் பதிலுக்கு மட்கி உசல் (முளைகட்டிய நரிப்பயறுக் கறி), தாலிபீட் (பல மாவு சேர்த்த அடை), அரைத்த பூண்டுச் சட்னி எல்லாம் வரும். தினமும் ஒரே எலுமிச்சம் சாதம் என்ற அலுப்பும் தீரும். உங்கள் அறையில் மூன்று பேர் என்றீர்களே, ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால் என்ன? ஒருவர் சோறு, ஒருவர் காய் நறுக்குவது, ஒருவர் பாத்திரம். அதைப்பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.

கருவாடு பற்றிக் கேட்டவருக்கு: எனக்கும் பிடிக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில். அவித்த முட்டையும் மூடிய டப்பாவில் மணக்கும். மிளகு போட்ட முட்டைப் பொரியலாகக் கொண்டுபோங்கள்.

ஜூன் 28

தம்பி எழுதியிருக்கிறார்: அரிசி மாற்றியாயிற்று, தேங்காய் இல்லை, ஆறவைத்து மூடுகிறேன். சோறு நன்றாக இருக்கிறது. வாடை மட்டும் போகவில்லை. வடா பாவ் விஷயம் உண்மைதான் என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார். என் மகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

வாடைக்கு எனக்கும் விடை தெரியவில்லை. எண்ணெயா? பெருங்காயமா? யோசிக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

கிடைத்துவிட்டது. என் டப்பாவிலேயே கிடைத்தது.

காலையில் கழுவிக் கவிழ்த்த மூடியை மூக்கருகே கொண்டுபோனேன். லேசாக ஒரு மட்கிய வாடை. சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன், போகவில்லை. மூடியின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, நீர் கசியாமல் இருக்க? அதை ஸ்பூன் காம்பால் நெம்பி வெளியே எடுத்தேன். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு, சுற்றிலும். நகத்தால் சுரண்டினால் பசை மாதிரி வந்தது. நேற்றைய, முந்தாநாளைய, போன மாசத்து எண்ணெயும் பருப்பும். பதினோரு வருஷம் டப்பா தூக்குகிறேன், இந்த வளையத்தை நான் கழற்றியது விரல்விட்டு எண்ணும் தடவைதான். கேட்டால் வீட்டுக்காரி அவளுடையதை வாரம் ஒருமுறை கழற்றுகிறாளாம். என்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லையாம், நான் செய்வேன் என்று நினைத்தாளாம்.

வெந்நீரில் சோடா உப்பு ஒரு ஸ்பூன் போட்டு வளையத்தை அரை மணி நேரம் ஊறவிட்டேன். பள்ளத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டையும் தனித்தனியே துணியால் துடைத்து ஃபேன் காற்றில் காயவைத்தேன், ஏனென்றால் இந்த மழையில் தானாகக் காயாது. ஈரத்தோடு மாட்டினால் மறுபடி பூஞ்சை வரும். மாட்டுவதற்கு முன் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

தம்பி, உங்கள் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வளையம் வெடித்திருந்தால் பாத்திரக் கடையில் தனியாகவே கிடைக்கும், டப்பாவையே மாற்ற வேண்டாம். ராத்திரி டப்பாவை மூடி வைக்கவும் வேண்டாம். திறந்தே கவிழ்த்து வையுங்கள்.

ஜூலை 1

சப்பாத்தியைப் பற்றியும் எழுதச் சொன்னாள் மகள். மூன்று விஷயம்தான். மாவைத் தளர்வாகப் பிசைந்து அரை மணி ஊறவிடுங்கள். சுட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், அடியில் இருப்பது வியர்த்து நனைந்துவிடும். வெள்ளைத் துணியில் பரப்பி ஆவி போனதும் அதே துணியில் சுற்றுங்கள். நேரமில்லாதவர்கள் போளி பாஜி கேந்திரத்தில் (சப்பாத்தியும் காயும் விற்கும் கடை) சப்பாத்தி மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ளலாம், இந்த ஊரில் அதில் ஒன்றும் குறைவில்லை. பொரியலை மட்டும் நாம் செய்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூலை 7

நேற்று ஆஷாடி ஏகாதசி. எதிர்வீட்டு மராட்டி அக்கா ஜவ்வரிசிக் கிச்சடி கொடுத்தார், கடலைப்பொடி, பச்சைமிளகாய், நெய் மணக்க. எனக்கு உடனே ஆசை, இன்று டப்பாவில் கட்டினேன். மதியம் ரப்பர். சூடாக்கினால் கொஞ்சம் இளகியது, ஆனால் நேற்றைய ருசி வரவில்லை. அக்காவிடம் சொன்னேன். "அதை நின்ற இடத்தில் சாப்பிட வேண்டும், பாவு (அண்ணா என்பது போல). யாராவது ஆபீசுக்குக் கொண்டுபோவார்களா?" என்றார்.

வெண்பொங்கலும் அப்படித்தான், நெய் உறைந்து கல்லாகும். ரவை உப்புமா, சேமியா இரண்டும் கூட. இட்லி கட்டலாம். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, அரை மணி கழித்து அடுக்குங்கள். சாயங்காலம்கூட மெதுவாக இருக்கும்.

ஜூலை 12

தம்பி எழுதியிருக்கிறார். வளையத்துக்கு அடியில் கறுப்புக் கோடு அவருக்கும் இருந்ததாம். கழுவிய பிறகு வாடை இல்லை. அறையில் இருக்கும் மற்ற இருவரும் போன வாரத்திலிருந்து ஆளுக்கொரு டப்பா கேட்கிறார்களாம். மூன்று பேருக்குச் சேர்த்துச் செய்தால் என்ன கட்டலாம், ஒரே நாளில் செய்து வாரத்துக்கு வைத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்று கேள்வி.

உண்டு. நாளை ஞாயிறு, நானே காய்ச்சப்போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

புளிக்காய்ச்சல். மூன்று பேருக்கு இரண்டு வாரம் வரும்.

புளி கால் கிலோ. வெந்நீரில் ஊறப்போட்டுக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். நார், விதை ஒன்றும் இருக்கக் கூடாது. நல்லெண்ணெய் 200 மில்லி, கை கூசாமல் ஊற்றுங்கள், கெடாமல் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய் 15, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள். புளிக்கரைசலை ஊற்றி உப்புப் போட்டுச் சின்னத் தீயில் கொதிக்கவிடுங்கள். எனக்கு இன்று 40 நிமிஷம் ஆனது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் தடம் மூடாமல் நிற்க வேண்டும். அந்தத் தடம் மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, விடுங்கள். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் தனியாவும், ஒரு துண்டு வெல்லம்.

வேர்க்கடலையைக் காய்ச்சலோடு போடாதீர்கள், ஊறி மெத்தென்று ஆகிவிடும். தனியாக வறுத்து வைத்து, கட்டும் அன்று சேருங்கள். கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத ஸ்பூன், ஃப்ரிட்ஜ். காலையில் ஆறிய சோற்றில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கிளறினால் பத்து நிமிஷ வேலை. கிளறிய உடனே சாப்பிட்டுப் பார்த்து உப்புப் போதவில்லை என்று சேர்த்துவிடாதீர்கள், மதியத்துக்குள் சோற்றில் இறங்கிச் சரியாகும்.

இரண்டு பாட்டில் வந்திருக்கிறது. ஒன்று எங்களுக்கு. மற்றது தம்பிக்கு. வியாழக்கிழமை ஆபீஸ் வேலையாக வாஷி வருகிறேன், ஸ்டேஷன் வாசலில் சாயங்காலம் ஆறரைக்கு நிற்பேன். காலி பாட்டிலைத் திருப்பித் தர வேண்டாம், மூடியை மட்டும் நன்றாகக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.